ஊசியும் மிதவையும்

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் காலை, பால் வாங்க வாசற்கதவைத் திறந்த என் மனைவி, பால் இல்லாமலே திரும்பி வந்தாள்.

"கார் ஷெட்டிலிருந்து பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது. இன்றைக்கு அடுப்பைப் பற்ற வைக்கலாமா, கூடாதா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றாள்.

கேள்வி நியாயமானது. எங்கள் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர். ஷெட்டில் நிற்பது என் தகப்பனார் வாங்கிய கார். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கும் வண்டியின் மூப்புக்கு அதைச் செய்த கம்பெனியைக் குறை சொல்வது தர்மமாகாது. பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். கார்புரேட்டரின் மேல் மூடியிலிருந்து வழிந்த பெட்ரோல், இஞ்சின்மேல் கோடு போட்டு இறங்கி, தரையில் ஒரு ரூபாய்த் தாள் அகலத்துக்குக் கறை வைத்திருந்தது. இரண்டு மாதமாகவே வண்டி கறுப்புப் புகை கக்கிக்கொண்டிருந்தது. லிட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடியது ஏழுக்கு வந்திருந்தது. நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஓர் இளைஞர் வந்து எட்டிப் பார்த்தார். தம்முடைய சாதனத்தைச் செருகுவதற்கு இந்த வண்டியில் ஓட்டை ஏதும் இல்லை என்று கண்டதும் அவர் உற்சாகம் போய்விட்டது. "இதுக்குப் பார்ட்ஸ் கிடைக்காது சார். எடைக்குப் போட்டுடுங்க" என்றார். என் மனைவி அதை வழிமொழிந்தாள். அவளுக்கு அந்த வண்டிமேல் பகை ஒன்றுமில்லை. வீட்டின்மேல் பிரியம் அதிகம், அவ்வளவுதான்.

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகத்தோடு மல்லுக்கட்டி, அது என்னை விட்டதோ நான் அதை விட்டேனோ தெரியாமல் கதை எழுத வந்தவன். ஆனாலும், ஒரு பொருளை எடைக்குப் போடுவதற்கு முன் அது என்ன என்றாவது தெரிந்துகொள்வது மரியாதை என்று தோன்றிற்று. அப்படிப் படிக்கப்போய்த் தெரிந்துகொண்ட சரித்திரம் இது.

பெட்ரோல் தனியே எரிந்து வண்டியை ஓட்டுவதில்லை. ஒரு பங்கு பெட்ரோலுக்கு, எடைக் கணக்கில், ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் ஒழுங்காக எரிவதற்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. நாம் பணம் கொடுத்து வாங்குவது பெட்ரோலை மட்டுமே; இஞ்சின் பெரும்பாலும் குடிப்பது காற்றைத்தான். இந்த இரண்டையும் அளவு பார்த்துக் கலந்து கொடுக்கும் சமையற்காரர்தான் கார்புரேட்டர். கையில் பெட்ரோல் கொஞ்சம் கூடிப்போனால் கறுப்புப் புகை. மேலும் கூடினால் பிளக் நனைந்து பொறி விழாது. இன்னும் கூடினால் என் வீட்டுச் சமையலறைச் சுவர்.

ஆதியில் இந்தச் சமையல் மிகவும் எளிதாக இருந்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரியில் காப்புரிமை கேட்டார். அதில் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் தேக்கி, அதன்மேல் காற்றை ஓட விட்டார்கள். போகிற காற்று கொஞ்சம் ஆவியை வாரிக்கொண்டு போகும். சாதத்தின் ஆவியில் கை காட்டிச் சூடு பார்ப்பது போன்ற வித்தை. இதில் ஒரு குறை: லேசான பகுதி முதலில் ஆவியாகிப் போய்விடும், கனத்த பகுதி அடியில் தங்கிவிடும். போகப் போக இஞ்சினுக்கு ஆகாரம் குறையும்.

அந்த வண்டியை உலகுக்குக் காட்டியவர் பென்ஸ் அல்ல. அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல், பதினைந்தும் பதின்மூன்றும் வயதான இரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டுவிட்டார். அங்கே இருந்தது அவர் தாய்வீடு. வழியில் எண்ணெய் தீர்ந்ததும் வீஸ்லோக் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் லிக்ரோயின் என்ற கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகும் ஊசியை எடுத்துக் குத்திச் சரிசெய்தார் என்றும் சொல்லப்படுகிறது. ஆக, மோட்டார் வண்டியின் முதல் நெடும் பிரயாணத்திலேயே எரிபொருள் வழியில் ஓர் ஊசி வந்து சேர்ந்துவிட்டது. அது பெண்பிள்ளையின் கையில் இருந்த ஊசி.

1893-இல் சமையல் முறை மாறியது. ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்ற இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், அதே ஆண்டில் தனித்தனியே ஒரே யோசனைக்கு வந்தார்கள். எண்ணெயின்மேல் காற்றை ஓட்டாதே. ஓடுகிற காற்றுக்குள் எண்ணெயைச் சிறு துளியாகத் தெளித்துவிடு. பூக்காரி ஒருத்தி குழலை ஊதிப் பூவுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்து ஹங்கேரிக்காரர்களுக்கு இது தோன்றியதாக ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, பொருத்தமான கதை. குழாய் குறுகும் இடத்தில் காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும் என்று இத்தாலியரான வெந்தூரி 1797-இலேயே எழுதி வைத்திருந்தார். அந்தக் குறுகலில் ஒரு மெல்லிய குழாயின் வாயைக் கொண்டுவந்து வைத்தால், காற்று தானே பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். அந்தக் குழாயை நம் மெக்கானிக்குகள் ஜெட் என்பார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஜெட்டின் வாய்க்குச் சில மில்லிமீட்டர் கீழே பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்டம் தாழ்ந்தால் காற்றுக்கு எட்டாது. உயர்ந்தால் கேட்காமலே வழியும். இதற்காக ஒரு சிறு கிண்ணம். கிண்ணத்தில் ஒரு மிதவை. மிதவையின் தலையில் ஓர் ஊசி. பெட்ரோல் நிரம்பினால் மிதவை எழுந்து ஊசியைத் துவாரத்தில் அழுத்தி அடைக்கும். குறைந்தால் மிதவை இறங்கும், ஊசி வழிவிடும். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே ஏற்பாடுதான். தொட்டியில் பந்து ஓட்டையானால் என்ன ஆகும்? இரவெல்லாம் தண்ணீர் வழிந்து, காலையில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். கார்புரேட்டரில் ஆவதும் அதுவே.

மிதவை வந்த நாளிலிருந்து அதன் துன்பங்களும் வந்தன. பதினைந்து மில்லியனுக்கு மேல் விற்ற ஃபோர்டு டி மாடல் காரில் மிதவை தக்கையால் ஆனது. தக்கை பெட்ரோலைக் குடிக்காமலிருக்க மேலே வார்னிஷ் பூசினார்கள். வார்னிஷ் உரிந்தால் தக்கை ஊறிக் கனத்துவிடும், கனத்த மிதவை எழாது, ஊசி மூடாது. பிறகு பித்தளைத் தகட்டில் உள்ளீடற்ற மிதவை செய்தார்கள். அது ஊறாது. ஆனால் பற்றுவைத்த இடத்தில் தலைமுடி நுழையும் அளவு துளை விழுந்தாலும் போதும், பெட்ரோல் உள்ளே புகுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இதே வெள்ளத்தை மனிதர்கள் வேண்டுமென்றும் வரவழைத்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களின் அமால் கார்புரேட்டரில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். குளிர்ந்த காலையில் அதை அழுத்தினால் மிதவை கீழே அமுங்கி, பெட்ரோல் கசிந்து வழியும். பிறகு உதைத்தால் இஞ்சின் பிடித்துக்கொள்ளும். சென்னையில் 1955 முதல் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் உருவாயின. அந்தக் காலத்துப் பெரியவர்கள் விரல் நுனியில் பெட்ரோல் படும்வரை பொத்தானை அழுத்திவிட்டு, அந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பிறகுதான் உதைப்பார்கள். அளவோடு வந்தால் மருந்து.

அளவு மீறினால் உயிரையே வாங்கும் என்பதற்கு 1940-ஆம் வருஷத்து ஆகாயப் போர் சாட்சி. இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இஞ்சின். அதற்குக் கார்புரேட்டர் எஸ்.யு. கம்பெனியுடையது. ஸ்கின்னர் என்ற செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆரம்பித்த கம்பெனி அது. அவர்களுடைய முதல் கார்புரேட்டரில் தோலால் தைத்த துருத்தி ஒன்று இருந்தது என்பது குலத்தொழிலின் ஞாபகார்த்தம் போலும். எதிரியான ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தில் கார்புரேட்டரே கிடையாது. பெட்ரோலை நேரே உள்ளே பீச்சும் ஏற்பாடு. ஜெர்மன் விமானி துரத்தப்படும்போது சடாரென்று மூக்கைக் கீழே தாழ்த்திப் பாய்வான். பின்தொடர்ந்து மூக்கைத் தாழ்த்தும் பிரிட்டிஷ் விமானிக்கு இஞ்சின் இருமி நின்றுவிடும்.

ஏன்? விமானம் திடீரென்று தலைகுப்புறக் கவிழும்போது கிண்ணத்திலுள்ள பெட்ரோல் மேலே தாவுகிறது. முதலில் ஜெட் வறண்டு ஒரு திணறல். அடுத்த கணம், மேலே பெட்ரோல் போய்விட்டதால் மிதவை அடிப்பக்கம் தள்ளப்படுகிறது. கிண்ணம் காலி என்று நினைத்து ஊசி முழுவதும் திறந்துகொள்கிறது. பம்பு தன் முழு பலத்தோடு பெட்ரோலைக் கொட்டுகிறது. கறுப்புப் புகை, இஞ்சின் மூழ்கிவிட்டது. என் வீட்டு ஷெட்டில் நடந்ததும் இதுவே. அங்கே அது நடந்தது பல ஆயிரம் அடி உயரத்தில், எதிரியின் துப்பாக்கிக்கு முன்னால். இதைத் தவிர்க்க விமானிகள் விமானத்தைப் புரட்டிவிட்டுப் பாயவேண்டியிருந்தது. அந்தச் சில விநாடிகளில் எதிரி தப்பிவிடுவான்.

இதற்குப் பரிகாரம் கண்டவர் ஃபார்ன்பரோ விமான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் இஞ்சினீயர். 1909-இல் பிறந்தவர், மோட்டார் சைக்கிளில் மணிக்கு 106 மைல் வேகத்தில் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தைச் சுற்றியவர். இவர் கார்புரேட்டரை மாற்றச் சொல்லவில்லை. மாற்ற அவகாசமும் இல்லை. நடுவில் துளையுள்ள ஒரு சிறு உலோக வில்லையைப் பெட்ரோல் குழாயில் வைக்கச் சொன்னார். இஞ்சின் முழு பலத்தோடு ஓடத் தேவையான அளவு பெட்ரோல் அந்தத் துளை வழியே போகும். அதற்கு மேல் போகாது. ஊசி திறந்தே கிடந்தாலும் வெள்ளம் வராது. 1941-இல் இவரே தளம் தளமாகப் போய், விமானங்களைச் சேவையிலிருந்து எடுக்காமலே அவற்றைப் பொருத்த வழி செய்தார். ஒரு மோதிரத்தின் அளவுள்ள வில்லை எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியதோ! வியாதியை முழுவதும் ஒழிக்காவிட்டாலும், வேறு வகைக் கார்புரேட்டர்கள் வந்து சேரும்வரை தாக்குப் பிடிக்க அது உதவியது.

நம் தேசத்துக்கு வருவோம். 1942-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாஸடரைச் செய்தது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி ஃபியட்டைச் செய்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டைச் செய்தது. வெளியிலிருந்து வண்டி வரவழைக்க முடியாத காலம். புது கார் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். ஆகவே வந்த வண்டியை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள். தெருவுக்குத் தெரு பட்டறைகள் தோன்றின. படிப்பு இல்லாத பையன்கள் கிரீஸ் துடைத்துக்கொண்டே காதால் படித்தார்கள். 2000 ஏப்ரலில் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாடுகள் இறுகியபின், புதுக் கார்களிலிருந்து கார்புரேட்டர் போய்விட்டது; 2020 ஏப்ரலுக்குப் பின் மோட்டார் சைக்கிள்களிலும் அநேகமாகப் போய்விட்டது. அம்பாஸடரும் 2014 மே மாதத்தோடு நின்றது. ஆனால் அந்தப் பையன்களில் சிலர், தாடி நரைத்து, இன்னும் இருக்கிறார்கள்.

திருச்சி பாலக்கரையில் அப்படி ஒருவர் உண்டு. அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டியைப் பார்த்தவர். ஊரெல்லாம் அவரை 'பாய்' என்றுதான் அழைக்கும். தேடிப் போய் அழைத்ததும், ஒரு துணிப்பையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

முதலில் அவர் எதையும் கழற்றவில்லை. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கறையை முகர்ந்தார். "தம்பி, ஓவர்ஃப்ளோ ரெண்டு தினுசு. வண்டி பண்றது ஒண்ணு. ஓட்டுறவன் பண்றது ஒண்ணு. இது வண்டி பண்றது" என்றார்.

பிறகு மூடியைக் கழற்றினார். ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கூம்பான முனையைச் சுற்றி மோதிரம் போலத் தேய்ந்த பள்ளம். கிண்ணத்தின் அடியில் டீத்தூள் போல ஒரு வண்டல். "இப்ப பெட்ரோல்ல ஸ்பிரிட் கலக்குறாங்கள்ல? அது பழைய டாங்க்கிலே ஒட்டிக் கெடந்த அழுக்கையெல்லாம் கிளப்பிக்கிட்டு வருது. ரப்பரையும் ஊற வெச்சிடுது" என்றார். அவர் சொன்னது சரியே. பெட்ரோலில் எத்தனால் கலப்பது 2003-இல் நூற்றுக்கு ஐந்து என்று தொடங்கி, 2025-இல் இருபதுக்கு வந்திருக்கிறது. கரும்புக்காரருக்கு அது நல்ல செய்தி. கிழட்டுக் கார்களைக் கேட்டுக்கொண்டு யாரும் அதைச் செய்யவில்லை.

அடுத்தது மிதவை. காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே இளநீர் குலுங்குவது போல ஒரு சத்தம். என் மனைவியிடம் வெந்நீர் கேட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் அல்ல, முற்றத்தில், கொண்டுவந்து வைக்கச் சொன்னார். மிதவையை வெந்நீருக்குள் அமுக்கினார். உள்ளிருந்த காற்று சூட்டில் விரிந்து, பற்றுவைத்த ஓரத்திலிருந்து முத்து முத்தாகக் குமிழ் கிளம்பிற்று. "இதோ திருடன்" என்றார்.

உள்ளே இருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வெளியேற்றி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காய வைத்த பிறகே பற்றுவைத்தார். ஈர மிதவையைச் சூடு காட்டினால் அது வெடிகுண்டு. பற்றுவைத்ததோடு நிற்காமல், வைத்த ஈயத்தை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். அடுத்த சந்தில் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து வந்து மறுபடியும் ராவினார். ஈயம் அதிகமானால் மிதவை கனத்து ஆழ்ந்து மிதக்கும்; பெட்ரோல் மட்டம் உயர்ந்து பழைய கதை திரும்பும். ஊசியும் அதன் உறையும் புதிதாக, வேறொரு வண்டியினுடையதைத் தேடிப் பொருத்தினார். பம்பின் அழுத்தம் அதிகமில்லை என்று பார்த்தார். உறையின் கீழே ஒரு செம்பு வாஷர் வைக்க மறந்தாலும் ஒழுகும் என்று எனக்குக் காட்டி வைத்தார்.

மூன்றாம் நாள் மாலை, "ஸ்டார்ட் பண்ணுங்க தம்பி" என்றார். காலிக் கிண்ணம் நிரம்ப நேரம் எடுக்கும். எனக்குப் பொறுமை இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து எடுத்தேன். பாய் ஜன்னல் வழியே கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டார்.

"அப்பா மாதிரியே மிதிக்காதீங்க. ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே ஒரு பீச்சு போவுது. காலை எடுங்க. பிளக் நனைஞ்சுட்டா, சோக்கை உள்ளே தள்ளிட்டு, பெடலை ஒரே அமுக்கா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். காத்துதான் காய வைக்கும்."

எனக்கு 1994-ஆம் வருஷத்து ஓர் இரவு ஞாபகம் வந்தது. பாட்டிக்கு நெஞ்சு அடைத்து மூச்சுத் திணறிய இரவு. பின் ஆசனத்தில் பாட்டியைக் கிடத்திவிட்டு, அப்பா மிதித்தார், மிதித்தார், மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி கிளம்பவில்லை. எதிர்வீட்டுக்காரரின் வேனில் கொண்டுபோனோம். பாட்டி பிழைத்து இன்னும் ஆறு வருஷம் இருந்தாள். ஆனால் அப்பா அந்த வண்டியை மன்னிக்கவில்லை. 'சமயத்தில் காலை வாரிய வண்டி' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாய், அன்றைக்கு ராத்திரி..." என்று ஆரம்பித்தேன்.

"மறுநாள் நான்தானே வந்து பார்த்தேன்? வண்டியிலே ஒண்ணுமே இல்லை. நாலு பிளக்கும் தெப்பமா நனைஞ்சிருந்துச்சு. தொடச்சுப் போட்டேன், கெளம்பிருச்சு."

"அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?"

பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பெத்தவ பின்னாடி மூச்சுக்குத் திணறிக்கிட்டிருந்தா எந்த மகனும் மிதிக்கத்தான் செய்வான். அதைப் போய்ச் சொல்லி, அவரு ஆயுசுக்கும் சுமக்கணுமா? பழி வண்டி மேலயே கெடந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். வண்டிக்கு வலிக்குமா தம்பி?"

காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் சொன்னபடி சாவியைத் திருப்பினேன். நாலைந்து சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பாய் குனிந்து தரையைப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

மறுநாள் காலை, பால் வாங்கிக்கொண்டு வந்த என் மனைவி ஷெட்டுப் பக்கம் திரும்பி ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.